காந்தம் கழற்றிய சைக்கிள்

கடலில் வளைத்துவிட்ட கரமடி வலையைக் கரையில் நின்று இழுத்து இழுத்துத் தேய்ந்த செலஸ்டினின் கால்முட்டுகளுக்காக, துபாயிலிருந்து மகள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை அனுப்பியிருந்தாள். உள்ளிருக்கும் காந்தம் சக்கரத்தை நெருங்க நெருங்க மிதி கனக்கும். மகன் ரெஜினைக் கடல் கொண்டுபோனது. உடல் கரை சேரவில்லை. அதிலிருந்து, காந்தத்தை விலக்கும் திருகை முழுக்கத் தளர்த்தினாலும் கனம் குறையவில்லை.

உதியன்குளங்கரை மெக்கானிக் வேலாயுதன் மூடியைத் திறந்து, காந்தத்தையே கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இனி பஞ்சு மாதிரி ஓடும், அண்ணே."

செலஸ்டின் மிதித்தார். அதே கனம்.

வேலாயுதன் குனிந்து பார்த்தார். "சக்கரத்தில ஒண்ணும் தொடல்லியே!"

"இது கரமடிக் கனமாக்கும்." செலஸ்டின் காலை நிறுத்தவில்லை. வலை கரையை நெருங்கும்போதுபோல, கனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது. அடுக்களையில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார்.

"ப்ளோரன்ஸே, ரெஜினுக்க புது முண்டு ஒண்ணு எடுத்து வை. அவன் கரை அடுத்தாச்சு."