மூடிய வாணலி

வாணலி மூடியில் கரண்டியால் ஓங்கி அடித்தான் சமையல்காரன். எல்லோரும் சாப்பிட வரலாம்.

உள்ளே வெறும் வெந்நீர்.

அரிசி நேற்றே தீர்ந்துவிட்டது. வெள்ளைக்காரக் கூலிக்குத் தரும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு, சவுக்கைக் கீழே போடு என்று கேட்டு, அந்த அமெரிக்க மலையில் ரயில் பாதைக்குச் சுரங்கம் குடைந்த சீனக் கூலிகள் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரயில் கம்பெனித் துரை அரிசி வண்டியை நிறுத்தினார்.

இப்போது கீழே தண்டவாள வளைவில் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். புகை தெரிந்தால் அரிசி இருக்கிறது என்று அர்த்தம். அரிசி இருக்கும்வரை அவர்தான் பேச்சுக்கு இறங்கிவர வேண்டும்.

ஆகவே, சமைக்க ஒன்றுமில்லாத சமையல்காரனுக்கு அன்று தலைக்குமேல் வேலை.

வந்தார்கள். வழக்கம்போல் கைகால் கழுவி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கரண்டி ஊற்றினான்.

"அடிச்சுக்காதீங்கப்பா, எல்லாருக்கும் இருக்கு" என்று அதட்டவும் செய்தான்.

கிண்ணத்தை உதட்டோடு சேர்த்துப் பிடித்துக் குச்சியால் தள்ளிச் சாப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். முகம் மறைந்துவிடும்.

நல்ல வழக்கம்தான்.

உப்பு கூடிப்போச்சு என்று யாரும் முணுமுணுக்காத அவனுடைய முதல் சமையல். அவன் கையால் தின்றதற்கெல்லாம் குறை சொல்லும் லியூங்கூட வாய் திறக்கவில்லை. லியூங்குக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

குளம்புச் சத்தம்.

துரை மேலே வந்துகொண்டிருந்தார்.

பேசவா? பார்க்கவா?

அவன் வாணலியை மூடினான்.

குதிரை அடுப்பருகே நின்றது. துரை சேணத்தில் இருந்தபடியே சவுக்கு நுனியால் மூடியைச் சுட்டினார். திற.

காய்ந்த கணவாய், கடற்பாசி, காளான். எதைச் சமைத்தாலும் மூக்கைச் சுளிக்கும் மனிதர். அந்தச் சுளிப்பை நினைத்து அவன் எத்தனையோ முறை தனியாகக் குமுறியிருக்கிறான்.

ஒரு கிண்ணத்தைத் துடைத்தான். முகமெல்லாம் பல்லாக, இரண்டு கையாலும் நீட்டினான்.

"வாங்க தொரை. கணவாய்க் கருவாடு. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

மூடியின் பிடியில் கை வைத்தான்.

துரையின் கை சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடியது.

எந்த வாசனையும் வராத வாணலிக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு, குதிரையைத் திருப்பினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மூக்கைக் கும்பிட்டான் அவன்.

குளம்புச் சத்தம் வளைவைத் தாண்டித் தேய்ந்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. யாரோ சிரித்தார்கள். நடிப்பு முடிந்தது.

லியூங் மட்டும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. நீட்டினான்.

"அண்ணே, இன்னைக்குத்தான் பக்குவமா வெந்திருக்கு. இன்னும் ஒரு கரண்டி சோறு போடுங்க."

இவனும் சிரிக்க வாயெடுத்தான். காய்ச்சலில் பளபளத்த லியூங்கின் கண்ணைப் பார்த்தான்.

மூடியைத் திறந்தான்.

கரண்டியை அடிவரை விட்டான்.