வெடிக்காத குழி

காலையிலிருந்து துளைமெஷினைப் பிடித்து நின்றதில் வெயில்முத்துவுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. குவாரியில் வெடிமருந்து நிரப்பித் திரி கொளுத்திய குழிகளில் ஒன்று மட்டும் வெடிக்கவில்லை. "முனி ரத்தம் கேக்கான்" என்று அவன் ஒரு சேவலை அறுத்து, அந்தக் குழியில் ரத்தம் விடக் கிளம்பினான். வெடிவைக்கப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்த மைத்துனன் இசக்கி மறித்தான்.

"திரி உள்ள புகைஞ்சுக்கிட்டு இருக்கும், மச்சான். அரைமணி நேரத்துக்குக் கிட்டப் போகக் கூடாது."

"ஒன் புஸ்தகத்துக்கு முனியத் தெரியுமால?"

"முனியே போய் நின்னாலும் திரிக்குத் தெரியாது."

வெயில்முத்து அவனைத் தள்ளிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினான். இசக்கி ஓடிப்போய் முன்னால் பாய்ந்து, சம்மட்டிக் காம்பால் வாயில் அடித்தான். இரண்டு பல் தெறித்தது. விழுந்தவனைப் பாறை மறைவுக்கு இழுத்துப்போட்டு, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, திமிறும்போதெல்லாம் முகத்தில் குத்தினான்.

குழி வெடித்தது. தலைக்கு மேல் கல் பறந்தது.

தூசி அடங்கியதும் வெயில்முத்து ரத்தத்தைத் துப்பினான். "பாத்தியால, என் ரத்தத்தக் குடிச்சப்பறந்தான் முனி விட்டான்."

"திரி எரிஞ்சு முடிஞ்சுது, வெடிச்சுது." இசக்கி இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. "ஆனா குத்தும்போதே வேண்டிக்கிட்டேன் மச்சான், அக்கா தாலி நிலைக்கணும்னு. முனிக்கு ஒரு கிடா கடன்."