மூக்குத்தி மாத்திரை

போலி மாத்திரையைத் தேடி அலைவானேன், அதை அடிக்கும் அச்சையே தபாலில் மறிப்போம் என்று சட்டம் வந்துவிட்டது. தூத்துக்குடி பார்சல் பிரிவில் ஸ்கேனர், பெட்டியைத் திறக்காமலே அச்சைப் படித்து, அதில் விழும் மாத்திரையைத் திரையில் காட்டும். உடனே அங்கே வேலை பார்க்கும் ஞானமுத்து, அச்சை நசுக்கும் பொத்தானை அமுக்குவார்.

இன்று வந்தது தேய்ந்துபோன பழைய அச்சு. திரையில் தெரிந்த வெள்ளை மாத்திரையின் ஓரத்தில், அச்சின் தேய்வால் விழுந்த கடுகளவு புடைப்பு. பொத்தானுக்குப் போன கை அப்படியே நின்றது. இரண்டு வருஷமாக வலிப்புக்கு அதைத்தான் விழுங்கும் அவர் மகள் வைத்த பேர், மூக்குத்தி மாத்திரை.

மனைவிக்குப் போன் போட்டார். “லூர்து, பிள்ளைக்கு மாத்திரை குடுத்துட்டியா?”

“குடுத்தேங்க. ஆனா வலிப்பு விட்டு விட்டு வருது. அதான் இன்னொரு மூக்குத்தியும் குடுத்திருக்கேன். இனி நின்னுரும், பதறாதீங்க.”