மதியத்துக்கு மேல்தான் வீங்கியது

யோருன் சொன்னதை டொர்கில் எட்டு வருஷமாக மனதில் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். அவள் அடித்துச் சொன்ன விதத்தில், சில நாள் அதுதான் உண்மையோ என்றுகூடத் தோன்றும்.

அவள் அதைச் சொன்ன அன்று அவர்கள் குடியிருப்பில் டுக்னாட். பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை எல்லா வீட்டாரும் இறங்கி முற்றத்தைச் சுத்தம் செய்யும் நாள். வராதவர்களை யாரும் திட்டமாட்டார்கள். வருஷம் முழுக்க நினைவில் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

டொர்கில் குடியிருப்புச் சங்கத் தலைவர். மூன்றாம் மாடி யோருனுக்கு அவர் கொடுத்தது, குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கப் போட்ட சரளையை அள்ளிக் கொட்டும் தள்ளுவண்டி.

அவளுக்கு வயது இருபத்தாறு. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் உட்கார்ந்தாள்.

"தலைவரே, உங்க ஆள் மறுபடி உட்கார்ந்தாச்சு," என்றாள் பெரித், துடைப்பத்தில் சாய்ந்தபடி. "எழுபது வயசு, நான் நிக்கிறேன்."

"கால் வலியாம்."

"டுக்னாட் அன்னிக்கு யாருக்குத்தான் வலிக்கல?"

சிரிப்பு. யோருன் எழுந்து வண்டியைத் தள்ளினாள்.

மூன்று மணிக்குக் காபியும் வாஃபிளும் வந்த நேரத்தில் வண்டி கவிழ்ந்தது. பக்கத்திலேயே அவளும் கிடந்தாள்.

"மூச்சு... வரல."

முதலில் ஓடியது டொர்கில்தான். ஆம்புலன்ஸில் கூட ஏறியதும் அவர்தான்.

மருத்துவமனையில் அவள் கால்சட்டையைக் கத்தரித்தார்கள். இடது கால் ஒன்றரை மடங்காக வீங்கி, நீலம் பாரித்திருந்தது.

"வலது காலுக்குப் போற தமனி, இடது கால் சிரைக்கு மேல குறுக்கே போகும்," என்று பக்கத்தில் நின்ற டொர்கிலிடம் சொன்னார் டாக்டர். "இவங்களுக்கு அது சிரையை முதுகெலும்போட சேர்த்து நசுக்குது. பிறவியிலேயே அப்படி. ரத்தம் தேங்கி உறைஞ்சு, ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிடுச்சு."

பிறகு யோருனிடம் குனிந்தார்.

"வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது? காலையிலயே வந்திருந்தா இதைத் தடுத்திருக்கலாம்."

அவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினாள்.

"மதியத்துக்கு மேலதான்."

"இவ்வளவு வீக்கமா?"

"ஆமா. அதுக்கு முன்னாடி யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த இரண்டு நாளும் டொர்கில் வராந்தாவை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் உறைந்த ரத்தத்தை எடுத்து, நசுங்கிய இடத்தில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தார்கள். பிழைத்தாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பெரித் பூங்கொத்தோடு எழுந்தாள். "டொர்கில் இல்லேன்னா இன்னிக்கு இந்தப் பொண்ணு இல்ல." மறுபடி அவர்தான் தலைவர். யோருனும் கைதட்டினாள்.

எட்டு வருஷம் கழித்து அவள் வீடு மாறினாள். டொர்கில் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றினார். ஏற்றியும் போகாமல் நின்றார்.

"என்ன டொர்கில்?"

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்குப் பத்து மணிக்கே நீ என்கிட்ட வீங்கின காலைக் காட்டினே. 'எல்லாரும் பாக்குறாங்க, மூணு மணி வரைக்கும் சமாளி'ன்னு நான்தான் சுருட்டின கால்சட்டையை இறக்கிவிடச் சொன்னேன். டாக்டர் கேட்டப்ப ஏம்மா என்னைக் காட்டிக்குடுக்கல?"