ஒரே அடுப்பு

"ஏனுங்க வக்கீலய்யா, எண்ணூறு வருசத்துக்கு முன்னால செத்துப்போன மனுசனுக்கு எங்க கம்மங்காட்டுல என்னங்க வேலை?"

நாமக்கல் முன்சீப் கோர்ட் வாசலில் சென்னியப்பன் கேட்டார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம்.

அவருடைய வக்கீல் சுவாமிநாதன் சிரித்தார். "விஞ்ஞானேஸ்வரர் எழுதின மிதாட்சரம்தான் கவுண்டரே இன்னிக்கும் சட்டம். பிரியாத குடும்பத்துல தம்பி பிள்ளையில்லாம செத்தா, அவர் பங்கு அண்ணனுக்கு. விதவைக்குச் சோறும் துணியும்தான்."

"தம்பி பொண்டாட்டி கந்தம்மாளுக்குப் பாதியை நானே எழுதிக் குடுத்துட்டா?"

"உங்க மகன் சம்மதிக்கணுமே! பிறந்த அன்னிக்கே அவனுக்கும் பாத்தியதை வந்தாச்சு."

பக்கத்தில் நின்ற மகன் சின்னுசாமி முறைத்தான். "ஒரு சாண்கூடத் தர மாட்டனுங்க. கேசு போட்டு நம்ம மானத்தைச் சந்திக்கு இழுத்தவங்களுக்கு எதுக்குங்க காடு?"

"பிரிஞ்சிருந்தா?" சென்னியப்பன் வக்கீலையே பார்த்தார்.

"பாதி அந்தம்மாவுக்குத்தான். பத்திரம்கூட வேண்டாம். 'இனி நாம வேற'ன்னு ஒருத்தர் தெளிவா சொல்லியிருந்தாலே போதும். நீங்கதான் முப்பது வருஷமா ஒரே அடுப்பாச்சே! அதை மட்டும் சொல்லுங்க, ஜெயிச்சாச்சு."

ஒரே அடுப்பு. ஊரில் அவர் நிமிர்ந்து நடந்ததே அதனால்தான். அவர் மாடு கட்டிக் கவலை ஓட்டிக் கிணற்று நீரை இறைக்க, தம்பி கருப்பண்ணன் மடை திருப்புவான். உச்சிப்பொழுதில் ஒரே சட்டியில் கம்மஞ்சோறு. கடைசி உருண்டையை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு, பசியில்லை என்பான்.

எதிரே வெள்ளைச் சேலையில் தம்பி மனைவி கந்தம்மாள் தலைகுனிந்து நின்றாள்.

டவாலி கூப்பிட்டான். சென்னியப்பன் கூண்டில் ஏறினார்.

"உங்க குடும்பம் எப்பவாவது பிரிஞ்சதுண்டா?" என்றார் கந்தம்மாளின் வக்கீல், நம்பிக்கையில்லாமல்.

"பிரிஞ்சுதுங்க. இருவது வருசமாச்சு."

"அப்பா! பொய் சொல்லாதீங்க!" சின்னுசாமி கத்தினான்.

"பொய்யில்ல சாமி" என்றார் மகனிடம்.

கந்தம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பிதானே பிரியணும்னு கேட்டார்?" என்றார் கந்தம்மாளின் வக்கீல்.

சென்னியப்பன் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க, நாந்தானுங்க. தண்ணிச் சண்டையில, 'இன்னியோட நீ வேற, நா வேற, பாதிக் காட்டை எடுத்துக்கிட்டுப் போடா'ன்னு கெணத்து மேட்டுல நின்னு கத்துனேன். மறுநா காலைல அவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி மம்முட்டியோட வந்து நின்னானுங்க. அண்ணன் மானம் போயிருமேன்னு, சாகுற வரைக்கும் கட்டுனவகிட்டக்கூட அதைச் சொல்லலீங்க."