ரோட்டைக் கடக்கும் ஒருத்தர்

கயத்தாறு பக்கம் நான்குவழிச் சாலையில் சுரங்கப்பாதை வேண்டுமென்று ஊரார் வெகுகாலமாகக் கேட்டுவந்தார்கள். ஆய்வு செய்த போக்குவரத்து நிறுவனத்தின் பொறியாளர் சமுதாயக்கூடத்தில் கூட்டம் போட்டார்.

"போன வாரம் கேமரா வச்சுப் பார்த்தோம். ரோட்டைக் கடக்கிறது ஒரே ஒருத்தர்தான். அவருக்காகப் பாதை தோண்ட முடியாதும்மா."

"சாவுக்குப் பயந்துதான் நாங்க எல்லாரும் சுத்திப் போறோம்!" முன்வரிசையில் இருந்த பானு கொதித்தெழுந்தாள். "அந்த ஒருத்தரைக் காட்டுங்க, பாப்போம்."

திரையில் ஓர் ஆள் தோளில் தழை பறிக்கும் தொரட்டியோடு நடுச்சாலைக்கு வந்து நின்றார். அது பானுவின் கணவர் மாரிராஜ். போன ஐப்பசியில் அதே இடத்தில் லாரி மோதி இறந்தவர்.

பானு அழவில்லை; பொறியாளர் பக்கம் திரும்பினாள்.

"செத்த பொறவும் அவியளால இந்தப் பக்கம் வர முடியல. இப்பவும் பாதை வேண்டாம்னு சொல்லுதீங்களா?"

திரையில் மாரிராஜ் கையை நீட்டி லாரிகளை நிறுத்தப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.