பழைய எண்ணெய்

“வடை வேண்டாம். வாணலியில இருக்கிற எண்ணெயில ஒரு கரண்டி மட்டும் கொடுங்க” என்று கண்ணாடிக் குப்பியை நீட்டினார் அந்த அம்மா.

பீர்மேடு பஸ் ஸ்டாண்டில் வடைக்கடை போட்டிருக்கும் சுடலைமணிக்குக் கை நடுங்கியது. கடையைப் பூட்ட வந்த ஆபீசர்தான், சந்தேகமில்லை.

“எத்தன நாள் எண்ணெய் இது?”

“இன்னைக்குக் காலையில ஊத்துனது மேடம். சத்தியமா!”

குப்பியில் வாங்கி முகர்ந்து பார்த்தவரின் முகம் வாடியது. “நான் ஆபீசர் இல்லண்ணே, விஞ்ஞானி. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய், உடம்புல இருக்கிற செல்லுக்கெல்லாம் தப்பான தகவலைக் கொடுத்து ரத்தக்குழாயைக் கெடுக்கும். இருபது வருஷமா அதைத்தான் ஆராயறேன். உங்க எண்ணெய் என் ஆராய்ச்சிக்கு உதவாது. ரொம்பச் சுத்தம்.”

சுடலைமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஊரார் சாப்பிடுறது மேடம். ஒருநாளும் பழைய எண்ணெயில வடை போட்டதில்ல.”

“அப்போ பழசை எங்க கொட்டுவீங்க?”

“கொட்டுறதா?” வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி முருகேஸ்வரி சிரித்தாள். “நல்லா இருக்கே! அதுலதான வீட்டுல தினமும் சமைக்கிறோம்.”

கிளம்ப எழுந்த அந்த அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“வீட்டுல எத்தன பேரு?” என்று கேட்டார். இப்போது நடுக்கம் அவர் குரலில் இருந்தது.